கரையும் குடைக்கு ஒரு விளம்பரம்

கல்லூரியில் என் நண்பன் தமிழ்ப் படங்களை மூன்று வகையாகப் பிரித்திருந்தான். நாயகன் ஜன்னல் வழியே வெளியே பார்த்துக்கொண்டே இருந்தால் ஜன்னல் படம். கூட்டத்தை நோக்கி மெதுவாக நடந்துகொண்டே இருந்தால் நடைப் படம். பார்க்கிறவன் பாப்கார்ன் வாங்கப் போக மறந்துவிட்டால் அது படம். மூன்றாவது வகைக்கு அவன் தனியாகப் பெயர் வைக்கவில்லை. பெயர் வைக்கிற அளவுக்கு அந்த வகையில் படங்கள் வருவதில்லை என்றான்.

எனக்கு ஜன்னல் படங்கள் பிடிக்கும். இது ஒன்றுக்காகவே மூன்று வருடமும் சண்டை போட்டோம்.

"சோகமா கீறவன் ஜன்னலாண்டதான் நிப்பானா மச்சி? பஸ் ஸ்டாப்புல நிக்க மாட்டானா?" என்று கேட்பான். நான் ஒளி, நிழல் என்று ஏதாவது பதில் சொல்வேன். ஆனால் அந்தக் கேள்விக்குப் பிறகு எந்த ஜன்னல் காட்சியையும் என்னால் முன்புபோல் பார்க்க முடியவில்லை.

நாங்கள் படித்தது இதழியல். ராஜா அண்ணாமலைபுரத்தில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து மயிலாப்பூர்ப் பக்கம் இருந்த கல்லூரிக்கு நான் பெரும்பாலும் நடந்தே போனேன். மெட்ரோவுக்காகத் தெருக்களைத் தோண்டிய பிறகு எந்தப் பேருந்து எந்தப் பக்கம் திரும்பும் என்பது அந்தந்த நாளின் முடிவாக இருந்தது. அவன் கொட்டிவாக்கத்திலிருந்து ஸ்கூட்டரில் வருவான். அப்பா கடலுக்குப் போகிறவர். அம்மா அடையாறில் ஒரு தெருமுனையில் மீன் விற்கிறவர். காலையில் அம்மாவையும் தெர்மாகோல் பெட்டிகளையும் அங்கே இறக்கி, ஐஸ் போட்டு, குடை நட்டுவிட்டு அவன் கல்லூரிக்கு வரும்போது முதல் வகுப்பு முடிந்திருக்கும். எங்கள் கல்லூரியில் முதல் வகுப்பைத் தவறவிட்டால் அரை நாள் போனதாகக் கணக்கு.

இது ஒரு காரணம். இன்னொன்று, பெரிய நடிகர்களின் படம் வெளியாகும் நாட்களில் அவன் மதியமும் வருவதில்லை. அன்றைக்கு மீன் வரத்து அதிகம் என்று சொல்வான். வங்காள விரிகுடாவில் மீன் வரத்துக்கும் திரையரங்க வெளியீட்டுக்கும் இப்படி ஒரு தொடர்பு இருப்பதை எங்கள் வகுப்பில் நான் மட்டும்தான் கவனித்தேன்.

கவனிப்பது அப்போது எனக்குப் பொழுதுபோக்கு. இப்போது அதற்குச் சம்பளம் தருகிறார்கள். ஒரு நாளிதழில் துணை ஆசிரியராக இருக்கிறேன். கல்லூரி நாட்களில் புதுப் பாட்டின் லிரிக் வீடியோ வந்ததும் நண்பர்கள் எல்லாம் பாட்டைக் கேட்பார்கள். நான் திரையில் ஓடும் வரிகளில் எங்கே ஒற்று விட்டுப்போயிருக்கிறது என்று பார்ப்பேன். இதில் எனக்குக் கிடைத்த மகிழ்ச்சி பாட்டில் கிடைக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். இரண்டும் கிடைத்தன. கொரியத் தொடர்களும் நிறையப் பார்த்தேன். அவற்றின் தமிழ் டப்பிங்கில் பணக்கார நாயகன் பேசும் தமிழை வைத்து ஒரு முழுக் கட்டுரையே எழுதலாம். வாரத்தில் ஒரு மாலை பெசன்ட் நகர் கடற்கரையில் உட்கார்ந்து, அந்த வாரம் பார்த்த எல்லாவற்றையும் பற்றி நானும் அவனும் தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருப்போம். இருவரும் ஒரே தீர்ப்புச் சொன்ன வாரம் நினைவில் இல்லை.

கடைசி செமஸ்டரின் நடுவில் வருகைப் பதிவு குறைந்தவர்களின் பெயர்களை அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்கள். அவன் பெயர் மேலேயே இருந்தது. எழுபத்தைந்து சதவீதம் இல்லையென்றால் தேர்வு எழுத முடியாது. அடுத்த வருடம் ஜூனியர்களோடு உட்கார்ந்து அந்த செமஸ்டரை மறுபடி படிக்க வேண்டும். டிகிரி ஒரு வருடம் தள்ளிப்போகும்.

அவன் பலகையைப் பார்த்துவிட்டுக் கேன்டீனுக்கு வந்து சமோசா சாப்பிட்டான். டிகிரி தள்ளிப்போவதைப் பற்றிக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. அவனுக்கு வேறு பிரச்சினை.

"எங்கம்மா மீன் வாங்க வர்ற அத்தினி பேர்கிட்டயும் சொல்லி வச்சிக்கினு கீது மச்சி. மே மாசம் பையன் டிகிரி முடிச்சிருவான்னு. அடையார் பூரா மே மாசத்துக்கு வெய்ட்டிங்கு."

வீட்டில் அவன் சொல்லவில்லை. சொன்னால் அம்மா மறுநாளிலிருந்து ஷேர் ஆட்டோவில் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு போக ஆரம்பித்துவிடுவார் என்றும், அது தனக்கு வேண்டாம் என்றும் சொன்னான். இதை மட்டும் அவன் சிரிக்காமல் சொன்னான்.

மீதி இருந்த ஒரே வழி ஓ.டி. கல்லூரியின் சார்பில் வெளியே ஒரு போட்டிக்குப் போனால் அந்த நாள் வகுப்பில் இருந்ததாகவே பதிவாகும். அதற்கு ஆன் டியூட்டி என்று பெயர். எங்கள் துறைத் தலைவி இதில் ஒரு நிபந்தனை வைத்திருந்தார். எங்களுக்கு முந்தைய செட்டில் சிலர் நகரத்தில் நடக்கும் கல்லூரிக் கலைவிழா, அதாவது கல்சுரல்ஸ், எல்லாவற்றுக்கும் போய், பங்கேற்றதற்கான சான்றிதழாகவே வாங்கி வந்து குவித்திருந்தார்கள். அதிலிருந்து பரிசு வாங்கினால்தான் ஓ.டி.

அவனுக்குப் பாட வராது. ஆட வரும், ஆனால் மேடையில் ஆடுகிற மாதிரி இல்லை, திரையரங்கில் ஆடுகிற மாதிரி. கடைசியில் நான் போய்க்கொண்டிருந்த போட்டியில் அவனையும் சேர்த்துக்கொண்டேன். அதை ஆட்ஜாப் என்பார்கள். மேடைக்கு வந்ததும் உலகத்தில் யாருக்கும் தேவைப்படாத ஒரு பொருளின் பெயரைச் சொல்வார்கள். கொஞ்ச நேரம் யோசிக்கலாம். பிறகு அந்தப் பொருளுக்கு ஒரு விளம்பரத்தை நடித்துக்காட்ட வேண்டும். என்னோடு நடித்த சீனியர்கள் படிப்பு முடித்துப் போயிருந்தார்கள். அடையாறில் ஒரு கல்லூரியில் அடுத்த வாரம் கல்சுரல்ஸ். இருவர் இருந்தால் போதும் என்று விதிகளில் போட்டிருந்தது.

பாண்டி பஜார் நடைபாதையில் போட்டிருக்கும் பெஞ்சுகளில் உட்கார்ந்து பயிற்சி எடுத்தோம். எதிரே போகிறவர்கள் கையில் என்ன இருக்கிறதோ அதற்கு உடனே ஒரு விளம்பரம். நான் ஒரு சட்டகம் தயாரித்து வைத்திருந்தேன்: முதலில் சோகமான ஒரு குடும்பம், பிறகு பொருளின் வருகை, பின்னணி இசை, கடைசியில் ஒரு பஞ்ச் வசனம். எந்தப் பொருளைக் கொடுத்தாலும் இதற்குள் அடங்கும். அவனுக்கு இது பிடிக்கவில்லை. இந்தச் சட்டகத்தில்தான் எல்லா நடைப் படங்களும் எடுக்கப்படுகின்றன என்றான். ஆனால் மனப்பாடம் செய்தான்.

வெள்ளிக்கிழமை மதியம் முதல் சுற்று. ஒரே காலுக்கான செருப்பு வந்தது. சோகக் குடும்பத்தை வைத்துத் தட்டுத்தடுமாறித் தேறினோம்.

மறுநாள் காலை ஒரு வேலையாக அடையாறு போனபோது அவன் அம்மாவின் கடைக்கும் போனேன். பலகையில் சங்கராவும் வவ்வாலும் அடுக்கியிருந்தன. தராசுக்குப் பக்கத்தில் போனைச் சாய்த்து வைத்துக் கொரியத் தொடர் பார்த்துக்கொண்டிருந்தார். தமிழ் டப்பிங்தான். எனக்கு ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலைத் தள்ளினார்.

"இந்தப் பையன் பெரிய மொதலாளியாம், பாப்பா. நானும் ஆரம்பத்துலருந்து பாத்துக்கினு கீறேன். ஒரு நாளாவது கடையத் தொறந்து வியாபாரம் பாத்தானா? அந்தப் பொண்ணு பின்னாலயே சுத்திக்கினு கீறான்."

நான் அதுவரை பார்த்த எல்லாக் கொரியத் தொடர்களையும் மனத்தில் ஓட்டிப் பார்த்தேன். யாரும் வேலை செய்யவில்லை என்பது உண்மைதான்.

அப்போது காரிலிருந்து ஓர் அம்மாள் இறங்கி வந்து வவ்வாலைக் கேட்டார். நண்பனின் அம்மா, அது நேற்றைய மீன், குழம்புக்கு வேண்டாம், வறுப்பதானால் எடுத்துக்கொள் என்று முதலிலேயே சொல்லிவிட்டார். பிறகுதான் எடையைப் பற்றிப் பேச்சு. அந்த அம்மாள் வவ்வாலை வறுக்க எடுத்துக்கொண்டார். கூடவே குழம்புக்குச் சங்கராவும் வாங்கினார். குறையை முதலில் சொல்லிவிட்டால் வாங்குகிறவர்கள் மீதியை நம்பிவிடுவார்கள் போல என்று எனக்குத் தோன்றியது. பஜாரில் நான் தயாரித்த சட்டகத்தில் இதற்கு இடமில்லை என்பது தோன்றவில்லை.

இறுதிச் சுற்று ஞாயிற்றுக்கிழமை. அரங்கம் நிரம்பி வழிந்தது. எங்களுக்கு வந்த பொருள்: மழையில் கரையும் குடை.

யோசிக்கும் நேரத்தில் நான் சோகக் குடும்பத்தை ஏற்பாடு செய்துகொண்டிருந்தேன். அவன் சரி சரி என்று தலையாட்டினான். மேடை ஏறியதும் என்னைப் பார்த்து, நான் யாரோ தெருவில் போகிறவள் என்பது போல் கூப்பிட்டான்.

"யம்மா, இங்க வா. கொடை வேணுமா? மொதல்லயே ஒண்ணு சொல்லிடறேன். மழை வந்தா கரைஞ்சிடும். அப்பால வந்து சண்ட போடக் கூடாது."

என் சட்டகம் அங்கேயே முடிந்துவிட்டது. வாயில் வந்ததைக் கேட்டேன். "அப்புறம் எதுக்குங்க குடை?"

"வெயிலுக்கும்மா. நம்ம ஊர்ல வருசம் பூரா இன்னா கீது? வெயிலுதான கீது. மழை இன்னா டெய்லியா வருது?"

"வந்துட்டா?"

"காலைல எழுந்து கொடைய வெளிய நீட்டு. அப்படியே கீதா? காலேஜுக்குப் போ. கரைஞ்சிட்ச்சா? லீவு. டிவியப் போட்டுக்கினு கலெக்டர் இன்னா சொல்றாருன்னு ஒக்காந்துக்கினு கீற வேலையே இல்ல."

நவம்பரில் ஒரு சாரல் விழுந்தால்கூட விடிகாலையிலிருந்து போனைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கும் கூட்டம்தான் எதிரே உட்கார்ந்திருந்தது. சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆனது. நடுவர்களில் ஒருவர், பண்பலை வானொலியில் பேசுகிறவர், மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். அதன் பிறகு அவன் பேசியதும் நான் கேட்டதும் எங்கள் இருவருக்கும் பாதிதான் நினைவிருக்கிறது. இரண்டாம் பரிசு கிடைத்தது.

திங்கட்கிழமை முதல் வேலையாகச் சான்றிதழை எடுத்துக்கொண்டு துறைத் தலைவியின் அறைக்குப் போனோம். அவர் மயிலாப்பூரில் பல தலைமுறைகளாக இருக்கும் குடும்பத்தைச் சேர்ந்தவர். வகுப்பில் பொதுவான தமிழ்தான் பேசுவார். எரிச்சல் வந்தால் மட்டும் வீட்டுத் தமிழ் வந்துவிடும். சான்றிதழைப் பார்த்ததும் எழுந்து கைகுலுக்கினார். உட்கார்ந்து கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"ஃபைனல்ஸ் ஞாயித்துக்கிழமையா?"

ஆமாம் என்றோம்.

"ஞாயித்துக்கிழமைக்கு நான் எப்படிப்பா ஓ.டி. போடறது? அன்னிக்குக் கிளாஸே கிடையாதே. காலண்டர்னு ஒண்ணு இருக்கு, ரெண்டு பேரும் அதைப் பாத்துண்டு போகமாட்டேளா?"

லிரிக் வீடியோவில் விட்டுப்போன ஒற்றைப் பிடிக்கிறவள் நான். படங்களின் வெளியீட்டுத் தேதியை ஆறு மாதம் முன்பே சொல்லுகிறவன் அவன். இருவரில் ஒருவருக்கும் இது தோன்றவில்லை. முதல் சுற்று நடந்த வெள்ளிக்கிழமைக்கு அரை நாள் போட்டுத் தந்தார். அது போதவில்லை.

அவன் நன்றி சொல்லிவிட்டுக் கிளம்பினான். கதவு வரை போனவனை அவர் நிறுத்தி, மேடையில் அப்படி என்னதான் செய்தாய் என்று கேட்டார். அவன் குடையைச் சொன்னான். அவர் சிரிக்கவில்லை.

"கரைஞ்சிடும்னு மொதல்லயே சொல்லிட்டியா?"

"ஆமா மேம். எங்கம்மா அப்படித்தான் மீன் விக்கும்."

அவர் மேசையிலிருந்த ஓர் அழைப்பிதழை எடுத்தார். அடுத்த வாரம் எங்கள் துறையின் கருத்தரங்கு. முந்தைய வருடம் சிறப்பு விருந்தினர் முதல் வரிசை ஆசிரியர்களிடமும் மைக் செட்காரரிடமும் ஒரு மணி நேரம் பேசிவிட்டுப் போயிருந்தார். அந்த அவமானம் துறைத் தலைவிக்கு இன்னும் ஆறவில்லை. கருத்தரங்கு ஏற்பாட்டுக் குழுவில் இருப்பவர்களுக்கு வாரம் முழுவதும் ஓ.டி. உண்டு என்று அவராகவே சொன்னார். அவனைச் சேர்த்துக்கொள்கிறேன், ஆனால் அரங்கம் நிறைய வேண்டும், காலியாக இருந்தால் கையெழுத்துப் போட மாட்டேன் என்றார். என்னையும் அவனோடு அனுப்பினார்.

விருந்தினர் ஓய்வுபெற்ற ஒரு பத்திரிகை ஆசிரியர். தலைப்பு, ஊடகத்தின் எதிர்காலம்: ஒரு பார்வை. நான் போஸ்டர் செய்து ஒட்டினேன். ஒருவரும் நின்று படிக்கவில்லை.

அவன் போஸ்டர் பக்கமே வரவில்லை. இரண்டு நாள் நூலகத்தில் இயர்போனோடு உட்கார்ந்திருந்தான். பாட்டு கேட்கிறான் என்று நினைத்தேன். அந்த ஆசிரியர் பல கல்லூரிகளில் பேசியதெல்லாம் யூடியூபில் இருந்திருக்கிறது. ஒன்றையும் விடாமல், வேகத்தைக் கூட்டி வைத்துப் பார்த்து முடித்திருந்தான். அவன் தீர்ப்பு: முதல் அரை மணி நேரம் ஜன்னல் படம். கடைசிப் பத்து நிமிடம் படம்.

பிறகு வகுப்பு வகுப்பாகப் போனோம். கணக்குத் துறை, வணிகவியல், விலங்கியல், எதையும் விடவில்லை. நான் வணக்கம் சொல்லி நிகழ்ச்சியின் பெயரைச் சொல்வேன். மீதியை அவன் சொல்வான். பேச்சு நீளம், அதை மறைக்க விரும்பவில்லை. நடுவில் தூக்கம் வரலாம், ஏசி நன்றாக இருக்கிறது. சமோசா உண்டு, ஆனால் முடிந்த பிறகுதான். இவற்றையெல்லாம் சொன்ன பிறகு குரலை இறக்கி, கடைசியில் அவர் வேலை பார்த்த காலத்தில் மாட்டிக்கொண்டு முழித்த கதைகளைச் சொல்வார், அதற்காக வா என்பான். ஒரு வகுப்பில் அந்தக் கதைகளில் ஒன்றைப் பாதி சொல்லி நிறுத்தினான். வகுப்பெடுத்துக்கொண்டிருந்த பேராசிரியர், அப்புறம் என்ன ஆயிற்று என்று கேட்டார். வியாழக்கிழமை வாங்க சார் என்றான்.

வியாழக்கிழமை அரங்கம் நிறைந்து, படிக்கட்டுகளிலும் உட்கார்ந்தார்கள். துறைத் தலைவி வாசலில் நின்று விலங்கியல் மாணவர்கள் வருவதை நம்பாமல் பார்த்துக்கொண்டிருந்தார். மைக் சோதனைக்காக அவனை மேடையில் ஏற்றினார்கள். அவன் சோதனையோடு நிறுத்தவில்லை.

"அரை மணி நேரம் பொறுத்துக்கோங்க. அப்பால சூப்பரா இருக்கும்."

விருந்தினர் அதற்குள் வந்துவிட்டார். பக்கவாட்டுக் கதவருகே, கையில் பூங்கொத்தோடு நின்றிருந்தார். முழுவதும் கேட்டுவிட்டார் என்பது அவர் முகத்தில் தெரிந்தது. துறைத் தலைவியின் முகத்தில் தெரிந்ததை நான் எழுதப்போவதில்லை. அந்த இடத்தில், ஓ.டி. போச்சு என்றுதான் நினைத்தேன். அவனும் அப்படித்தான் நினைத்தான். மேடையிலிருந்து இறங்கும்போது மைக்கைத் தாங்கியில் வைக்க மறந்து கையிலேயே எடுத்துவந்துவிட்டான்.

விருந்தினர் அதை அவன் கையிலிருந்து வாங்கிக்கொண்டு மேடை ஏறினார்.

"தம்பி அரை மணி நேரம் பொறுக்கச் சொன்னார். எனக்கே பொறுமை இல்லை. அந்த சூப்பரான இடத்திலிருந்தே ஆரம்பிச்சிடலாம்" என்றார்.

ஆரம்பித்தார். இறந்துவிட்டதாக அவர் செய்தி போட்ட மனிதர் மறுநாள் காலை அலுவலகத்துக்கு வந்து காபி கேட்ட கதை, இடம் மாறிப்போய் ஒரு திருமணச் செய்தி குற்றப் பக்கத்தில் வந்த கதை. அரங்கம் அதிர்ந்தது. கதைகள் முடிந்ததும், வழக்கமான அந்த அரை மணி நேரத்தையும் விடாமல் பேசினார். யாரும் எழுந்து போகவில்லை. சமோசாத் தட்டுகள் வாசலுக்கு வெளியே இருந்தன. வாசலில் துறைத் தலைவி நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

மாலையில் அவர் அறைக்குக் கூப்பிட்டார்.

"அவ்வளவு பெரிய மனுஷரைப் போர்னு மைக்ல சொல்லிட்டியே."

"போர்னு சொல்லல மேம். பொறுத்துக்கோங்கன்னுதான் சொன்னேன்."

அவர் பேனாவைத் திறந்து கையெழுத்துப் போட்டார். வாரம் முழுவதற்கும்.

ஹால் டிக்கெட் வந்த அன்று அவன் அதைப் படமெடுத்து அம்மாவுக்கு அனுப்பினான். நடந்தது எதுவும் அவருக்குத் தெரியாது. அவரைப் பொறுத்தவரை அது வரவேண்டிய ஒன்று வந்திருக்கிறது, அவ்வளவுதான். உடனே குரல் செய்தி வந்தது. பின்னணியில் தராசுத் தட்டின் சத்தமும் யாரோ பேரம் பேசுவதும் கேட்டன. போட்டோவில் ஏன்டா திருடன் மாதிரி கீற என்று கேட்டிருந்தார். அவன் அதை இரண்டு முறை போட்டுக் கேட்டான். பிறகு ஹால் டிக்கெட்டில் அச்சாகியிருந்த பாடங்களின் பெயர்களை முதல்முறையாகப் படித்தான்.

"மச்சி, ஊடகச் சட்டம்னு ஒரு பேப்பர் போட்டுக்கீறான். அது எப்ப நடத்துனாங்க?"

காலை முதல் வகுப்பில், செமஸ்டர் முழுவதும் நடத்தினார்கள் என்றேன்.

அன்று மாலையே ஆரம்பித்தோம். பாண்டி பஜார் பெஞ்சு வேண்டாம், அங்கே வேடிக்கை அதிகம் என்று நூலகத்தின் வெளிப்படியில் உட்கார்ந்தோம். நான் என் குறிப்புகளைப் படித்துச் சொன்னேன். அவதூறு என்ற பாடம் வந்ததும் நிறுத்தச் சொன்னான். ஒரு படத்தை மொக்கை என்று சொன்னால் அதை எடுத்தவன் வழக்குப் போட முடியுமா என்று தெரிய வேண்டும் அவனுக்கு. பொதுமக்கள் பார்வைக்கு வந்த ஒரு படைப்பைப் பற்றி நேர்மையாகக் கருத்துச் சொல்வதைச் சட்டம் தடுப்பதில்லை என்று படித்துக் காட்டினேன்.

"அப்ப நான் இத்தினி நாளும் சட்டப்படிதான் பேசிக்கினு கீறேன்."

கருத்துக்கு உண்மையான அடிப்படை வேண்டும், கெட்ட உள்நோக்கம் கூடாது என்று மீதியையும் படித்தேன். பாதியில் எழுந்து வந்துவிட்ட படங்களைப் பற்றிச் சொன்னது அவதூறில் வராது இல்லையா என்று கேட்டான். வரும் என்றேன். எழுதிக்கொண்டான்.